டிசம்பர் இரண்டாம் தேதியின் சூரியன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருள்மொழிக்கு நான் நல்லதுதான் செய்ய நினைத்தேன். இதை யாரும் நம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நம்பாவிட்டால் போங்கள்.

சங்கராபுரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் துறைத் தலைவர். பெயர் தீனதயாளன். இருபத்தாறு வருடமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. சூரியனை ஆராய்கிறவர்களுக்கென்று மாதம் இரண்டு முறை மின்னஞ்சலில் ஒரு செய்தி மடல் வரும். யாருக்கு விருது, யார் காலமானார், எந்த ஊரில் மாநாடு, எந்த ஆய்வகத்தில் ஆள் எடுக்கிறார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஒரு வரி விடாமல் படிப்பேன். இளவயதில் அதைப் பார்த்து மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் படிப்பதை விடவில்லை. சொத்தைப் பல் இருந்தால் நாக்கு அங்கேயேதான் போகும்.

அருள்மொழி எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். மணலூர்பேட்டைக்காரி. அப்பா இல்லை. அம்மா இருசம்மாள் கரும்பு வெட்டப் போகிறவள். முப்பத்து நான்கு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காலை ஏழரை மணிக்கெல்லாம் கல்லூரி மொட்டைமாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு போய் நிற்கிற பெண்ணை எவன் வந்து கேட்பான்? சூரியனை நேராகப் பார்த்தால் கண் போய்விடும். அதனால் அதன் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழவைத்து, தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் அப்படியே வரைந்துகொள்வாள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மேகம் வருவதற்குள் வேலையை முடித்துவிடுவாள். தினம் ஒரு தாள் என்று மூன்று வருடம் வரைந்தாள்.

போன வருடம் ஜனவரியில் ஒரு நாள், அந்த மடலின் ஒரு பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். அவளும் அதை வாங்கிப் படிக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சுருக்கென்றது.

"சார், எனக்குன்னே போட்ட மாதிரி இருக்குது சார்," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ஒரு சூரிய ஆய்வு நிலையத்தில் ஆய்வு உதவியாளர் வேலை. பெரிய பட்டம் தேவையில்லை. விண்ணப்பிப்பவர் தம் கையால் மூன்று வருடம் எடுத்த கரும்புள்ளிப் பதிவு வேண்டும். அந்தப் பதிவு உண்மையானது என்று துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டு, அவரே அனுப்ப வேண்டும். வயது முப்பத்தைந்தைத் தாண்டக்கூடாது.

"ஜூலையில முப்பத்தஞ்சு முடியுது சார். இத வுட்டா எனக்கு வேற வழியில்ல."

"எடுத்துகினு வாம்மா. பாக்கலாம்."

மறுநாள் மூன்று வருடத்துத் தாள்களையும் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்தாள். கூடவே எல்லாவற்றையும் அழகாக நகலெடுத்த தடிமனான நோட்டு ஒன்று. தாள்களைப் பீரோவில் வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன்.

"இன்னாம்மா இது, நடுவுல நடுவுல வெறும் பக்கமா வுட்டுகினு வந்திருக்க?"

"மேகம் சார். மழ. சூரியன் தெரியாத நாளுக்குக் காலியாத்தான் வுடணும். அதான் முறை."

"எனக்கே முறை சொல்றியா?"

"ஐயோ, இல்ல சார். எத்தினி நாள் பாக்க முடியலன்றதும் அவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

இந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ரெக்கார்டு நோட்டில் காலி இடம் இருக்கக்கூடாது. தேர்வுக்கு வருகிறவர் வெறும் பக்கத்தைப் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஊசலை ஆட்டிவிட்டுப் பையன் சரியாக அளக்கவில்லையா? விடை என்ன வரவேண்டும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. அதிலிருந்து பின்னால் வந்து அளவுகளை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். என் வாத்தியார் எனக்கு அப்படித்தான் செய்தார். நான் இருபத்தாறு செட் பிள்ளைகளுக்கு அப்படித்தான் செய்து, அத்தனை பேரும் பாஸ். ஓட்டை நோட்டை அனுப்பினால் என் துறையைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பொங்கல் விடுமுறை முழுக்க உட்கார்ந்து இருநூற்றுப் பதினொரு வெறும் பக்கங்களையும் நானே நிரப்பினேன். ஏனோதானோ என்று செய்யவில்லை. சூரியன் சுழல்வதால் புள்ளிகள் நாளுக்கு நாள் நகரும். முந்தைய நாள் படத்தையும் பிந்தைய நாள் படத்தையும் வைத்து, இடையில் எங்கே இருந்திருக்கும் என்று அளந்து அளந்து வைத்தேன். அவளுடைய பென்சில் அழுத்தம்கூட எனக்கு வந்துவிட்டது. கீழே 'வானம் தெளிவு' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி முறை பேசுவாள்.

பிப்ரவரியில் நேர்காணல், கணினித் திரையில். கேமரா இருக்கிற கணினி என் அறையில்தான் இருந்தது. அவள் திரைக்கு நேராக உட்கார்ந்தாள், நான் பக்கத்தில். எதிரே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் குழுத் தலைவர். நல்ல தமிழ்.

"உங்க படங்கள் ரொம்ப அருமையா இருக்கு. உண்மையைச் சொன்னா, உங்களை எடுக்கறதுன்னு நாங்க ஏறக்குறைய முடிவு பண்ணிட்டோம். ஒரே ஒரு சந்தேகம்," என்றார்.

அருள்மொழி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது. இதை ஏன் மறைக்க வேண்டும்? இருபத்தாறு வருடம் நான் பார்த்துக்கொண்டே இருந்த கதவுக்குள் கரும்பு வெட்டுகிறவள் மகள் ஒரே நடையில் நுழைகிறாள்.

"டிசம்பர் ரெண்டாம் தேதி எங்கே இருந்தீங்க?"

"மணலூர்பேட்டையில மேடம். புயல் மழையில பெண்ணையாத்துத் தண்ணி வூட்டுக்குள்ள பூந்துடுச்சி. நானும் எங்கம்மாவும் ஸ்கூல் மாடியில இருந்தோம். நாலு நாள் காலேஜுக்கே வர முடியல." சொல்லும்போது லேசாகச் சிரித்தாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அம்மையார் பக்கத்தைத் திரையில் காட்டினார். ஏழு கூட்டமாகக் கரும்புள்ளிகள். கீழே வானம் தெளிவு.

"அன்னைக்கு உங்க மாவட்டத்துல யாருமே சூரியனைப் பார்த்திருக்க முடியாது. நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

அருள்மொழி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். "இது நான் வரைஞ்சது இல்ல மேடம்."

"நோட்டு உங்களுதுதானே?"

"நோட்டு என்னுது. இந்தப் பக்கத்த நான் காலியா வுட்டிருந்தேன்."

"மூலத் தாள்கள் இருக்கா? அதைக் காட்டினா போதும்."

"இருக்குது மேடம்." அவள் குரலில் உயிர் வந்தது. "எல்லாத்தையும் சார்கிட்ட குடுத்திருக்கேன். இதோ, பின்னாடி பீரோவுலதான் இருக்குது."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பீரோ என் முதுகுக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் இருந்தது. சாவி என் சட்டைப் பையில். திறந்தால் அவள் தப்பிப்பாள், நான் மாட்டுவேன். உண்மை என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

"என்கிட்ட தாள் எதுவும் குடுக்கலிங்க," என்றேன். "இந்த ஒரு நோட்டத்தான் குடுத்தாங்க. நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னை மேலே கேட்கவில்லை. ஆனாலும் அவள் பக்கம் திரும்பி, "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. இப்படிப் பண்ணலாமா?" என்றேன். சொல்லும்போது வாய் இனித்தது.

அவள் என்னையே பார்த்தாள். அழவில்லை. "பீரோவத் தொறங்க சார்," என்றாள்.

"அதுல கேள்வித்தாள் இருக்குது. கண்டவங்க எதிர்ல தொறக்க முடியாது."

"சார், ஒரே ஒரு நிமிஷம் தொறங்க சார்."

அம்மையார் நோட்டை மூடிவிட்டார். "வேண்டாம்மா. தப்பு பண்றது ஒண்ணு, அதைப் பெரியவர் தலையில கட்டறது இன்னொண்ணு. இனிமே உங்க விண்ணப்பம் எதையும் எங்க நிலையம் ஏத்துக்காது." திரை அணைந்துவிட்டது.

அன்று மாலையே தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் போட்டேன். மூன்று வருடத்து வெயில், ஒரு தவலைத் தண்ணீர் கொதிக்கக்கூட முழுசாகப் போதவில்லை.

பத்து நாளில் அம்மையாரிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. சொந்தத் துறைக்கே கெட்ட பெயர் வரும் என்று தெரிந்தும் உண்மையின் பக்கம் நின்றவராம் நான். மே மாதம் வெள்ளிமலையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிலரங்கம் நடத்துகிறார்களாம். 'பதிவில் நேர்மை' என்று நான் பேச வேண்டுமாம். அடுத்த செய்தி மடலில் அந்த அறிவிப்பு வந்தது, என் பெயரோடு. உலகம் முழுக்கப் போகிற மடல். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

திரையில் போடுகிற படங்களையெல்லாம் தயாரிக்க எனக்குத் தெரியாது. அருள்மொழியைத்தான் செய்யச் சொன்னேன். செய்தாள். வெள்ளிமலைக்கும் அவளையே அழைத்துப் போனேன், கணினியை இயக்க ஆள் வேண்டுமே. மலைப்பாதை வளைவுகளில் வேன் திரும்பத் திரும்ப எனக்கு ஒரே யோசனை. அத்தனை பேர் எதிரில் இவள் எழுந்து நின்று கேட்டுவிட்டால் என்ன செய்வது? என்னென்ன பதில் சொல்லலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் மடியில் கணினிப் பையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். அம்மையார் முதல் வரிசையில். 'பார்க்காத நாளைக் காலியாக விடுங்கள்' என்று ஒரு பக்கத்தில் அருள்மொழி எழுதி வைத்திருந்தாள். அதை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கை தட்டினார்கள். அவள் அடுத்த பக்கத்துக்குப் பொத்தானை அழுத்தினாள்.

சாப்பாட்டின்போது அம்மையார் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அது அந்தப் பொண்ணுதானே? இன்னும் வேலையில வெச்சிருக்கீங்களா?"

"பாவம்ங்க. கூலிக்காரக் குடும்பம். ஒரு தப்பு பண்ணிடிச்சின்னு தொரத்திட முடியுமா?"

"பெரிய மனசு சார் உங்களுக்கு."

அருள்மொழி நான்கடி தள்ளித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்களை நோக்கி வந்தாள். ஒத்திகை பார்த்த பதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"சார்," என்றாள்.

"இன்னாம்மா?"

"ஜூன்ல நம்ம காலேஜுல மறுபடி ஆள் எடுக்கும்போது என் பேரை எழுதுவீங்களா சார்? நீங்க எழுதுனாத்தான் எடுப்பாங்க. அம்மாவால இப்ப கரும்பு வெட்டப் போவ முடியல. எனக்கு வேற எதுவும் இல்ல."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "பாக்கலாம்," என்றேன்.

அம்மையார் அவள் தோளில் தட்டிக்கொடுத்தார். "சார் எவ்வளவு நல்லவர் பாரு. இனிமேலாவது அவர் சொல்றபடி ஒழுங்கா நடந்துக்கோம்மா."

"சரிங்க மேடம்," என்றாள் அருள்மொழி.