இருபத்தொரு முழம்

மாப்பிள்ளையின் தூண்டில் நரம்பில் நிறுத்து முடிச்சு இருபத்தொரு முழத்தில் இருந்தது. முள்ளிலிருந்து முடிச்சுவரை மூன்று முறை முழம் போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் அதே கணக்குதான் வந்தது. அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தூண்டில் பிடிக்காதவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆழம் குறைந்த தண்ணீரில் தக்கையை நரம்போடு இறுக்கிக் கட்டிவிடலாம். ஆழம் அதிகமானால் அப்படிக் கட்டி வீச முடியாது. கம்பைவிட நீளமாக நரம்பு கீழே தொங்கும். அதனால் தக்கையை நரம்பில் ஓடும்படி விட்டுவிட்டு, வேண்டிய இடத்தில் தையல் நூலால் ஒரு சின்ன முடிச்சுப் போடுவோம். கம்பின் வளையங்களுக்குள் அந்த முடிச்சு நுழைந்துவிடும், தக்கையின் துளைக்குள் நுழையாது. தண்ணீரில் விழுந்ததும் ஈயக்குண்டு நரம்பைக் கீழே இழுத்துக்கொண்டே போகும். முடிச்சு வந்து தக்கையில் முட்டியதும் நிற்கும். ஆகவே முடிச்சிலிருந்து முள்வரை உள்ள நீளம்தான் முள் தொங்கும் ஆழம்.

மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், பட்டமரத்தடியில்தான் மீன் பிடிப்பார். தண்ணீருக்குள் செத்து நிற்கும் ஒரு மரம் அது. அங்கே எட்டு முழத்துக்கு மேல் ஆழம் கிடையாது. முப்பது வருஷத்தில் அவர் அதைவிட ஆழமான தண்ணீரில் முள்ளைப் போட்டு நான் பார்த்ததில்லை.

மூன்று நாளுக்கு முன் காலையில் அவர் தனியாக வாடகைப் படகு எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் படகு மட்டும் மேற்குக் கரை நாணலில் செருகிக் கிடந்தது. கம்பும் பெட்டியும் உள்ளே இருந்தன. அவர் இல்லை. பட்டமரத்துக்குப் போவதாகச் சொன்னார் என்றார் படகுக்காரர். அதுதான் அவர் இடம் என்று நானும் சொன்னேன். தீயணைப்புத் துறையின் முக்குளிப்பவர்கள் இரண்டு நாளாக அங்கேயே மூழ்கி மூழ்கிச் சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

தங்கை கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். இன்று மாலை ஐந்து மணிவரைதான் தேட முடியும், நாளை வேறு இடத்துக்குப் போயாக வேண்டும் என்று அதிகாரி அவளிடம் பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு தானாக மேலே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆழத்தில், குளிர்ந்த தண்ணீரில், அது எத்தனை நாளாகும், எந்த நிலையில் வரும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள்.

"முகத்தையாவது பாத்துரணும்ணே."

அவளுடைய பிரஷர் மாத்திரையை எடுத்துவரத்தான் நான் அவள் வீட்டுக்கு வந்திருந்தேன். போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த கம்பும் பெட்டியும் பால்கனியில், வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சாத்தியிருந்தன. நரம்பில் ஈரம் காயட்டும் என்று ரீலிலிருந்து உருவிவிட்டேன். பழக்கம். முடிச்சு விரலில் தட்டுப்பட வேண்டிய இடத்தில் தட்டுப்படவில்லை. உருவ உருவ நரம்பு வந்துகொண்டே இருந்தது.

முடிச்சு தளர்ந்து நகர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய முடிச்சு அப்படி நகரும். விரலை நனைத்துக்கொண்டு தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சிவப்பு நூல், தங்கையின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. வெட்டிய முனைகள் இன்னும் பிசிறுகூட விடவில்லை. அன்று காலையில் கட்டிய முடிச்சு. தெரிந்தே, அளந்து, இருபத்தொரு முழத்தில் கட்டியிருக்கிறார்.

பெட்டியைத் திறந்தேன். ஆழம் பார்க்கும் ஈயம் மேலாகவே கிடந்தது. அதன் அடியில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழியில் கொஞ்சம் சோப்பை அப்பித் தண்ணீரில் இறக்குவோம். தரையில் முட்டியதும் அங்கே இருப்பது சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும். சேறா, மணலா, சிப்பியா என்று பார்க்காமலே தெரிந்துவிடும். பட்டமரத்தடி முழுக்கக் கறுப்புச் சேறு. இந்தச் சோப்பில் சேறு ஒரு பொட்டுகூட இல்லை. கூர் கூரான சின்னக் கல் சில்லுகள் பதிந்திருந்தன.

அந்த நீர்த்தேக்கத்தில் கல் சில்லு இருக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். வடகிழக்கு மூலையில், தண்ணீர் தேக்குவதற்கு முன்னால் கல் உடைத்த குவாரிப் பள்ளம். அங்கே யாரும் போவதில்லை. துடுப்புப் போட்டுப் போக ஒரு மணி நேரம் ஆகும். போனாலும் மீன் கிடையாது.

மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே மீன் இருப்பதாக அவரிடம் சொன்னது நான்.

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே பிடித்தாய் என்று கேட்டால் எவனும் உண்மையைச் சொல்ல மாட்டான். கேட்கிறவனும் உண்மையை எதிர்பார்த்துக் கேட்பதில்லை. கிழக்கே பிடித்தவன் மேற்கே என்பான். ஆறு முழத்தில் பிடித்தவன் பதினாறு என்பான். சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்புதான் சொன்னது பொய் என்பதற்கு ரசீது. அதைப் பார்த்ததும் மற்றவன் புரிந்துகொண்டு, சரிதான், நாளைக்கே போய் அங்கே இருக்கிற மிச்சத்தையும் வாரிக்கொண்டு வருகிறேன் என்பான். மாப்பிள்ளை இதில் எமகாதகர். கைநீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரி மாடித் தண்ணீர்த் தொட்டியில் பிடித்தேன், வார்டு பாய்க்குத் தெரியாமல் போய்வாருங்கள் மச்சான் என்று எனக்கு வழி சொன்னவர். முப்பது வருஷமும் இப்படித்தான் ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டோம், ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை.

போன வாரம் எனக்கு ஒரு பெரிய கெண்டை கிடைத்தது. பட்டமரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். கரையில் வேறு முள் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வந்து எட்டிப்பார்த்தார். இந்த வருஷம் அவருக்கு ஒன்றுமே சிக்கவில்லை. எங்கே மச்சான் என்று கேட்டார். முடிச்சின் மிச்ச நரம்பைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். கடித்தபடியே, குவாரிப் பள்ளம், படிமேலே, என்றேன். வாயில் நரம்பு இருந்ததால் சிரிக்க வரவில்லை. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். கேலி செய்யாமல் போகிறாரே என்று எனக்குத் தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மறந்துபோனது.

கரைக்குத் திரும்பும் வழியில் படகுக்காரரின் முற்றத்தில் அந்தப் படகைப் பார்த்தேன். நங்கூரக் கல் இல்லை. கயிறு அறுந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நுனியைத் தூக்கிப் பார்த்தேன். அறுந்த கயிற்றில் நார் விரிந்திருக்கும். இது விரியவில்லை. ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு நெளிந்திருந்தது, முடிச்சாக இருந்து அவிழ்ந்த பின்னல் மாதிரி. கயிறு பதினைந்து முழம். எட்டு முழத் தண்ணீருக்கு அது தாராளம். இருபத்தொரு முழத்தில் கல் தரையைத் தொடாமல் தொங்கும். பெட்டியில், பிடித்த மீனைப் போட்டு வைக்கும் வலையில் அதன் மெல்லிய நைலான் கயிறு இல்லாததைப் பார்த்திருந்தேன்; அதைத்தான் எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறார். தடித்த கயிறும் மெல்லிய கயிறும் சாதாரண முடிச்சில் நிற்காது. பாரம் ஏற ஏற மெல்லியது வழுக்கிக்கொண்டே வரும். அது வழுக்குவதைப் பார்த்து எட்டிப் பிடிக்க எழுந்தாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. அவருக்கு நீச்சல் அரைகுறை என்பது மட்டும் தெரியும்.

அதிகாரி ஒரு வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். தங்கை அதே நாற்காலியில் இருந்தாள். நான் மாத்திரையை அவள் கையில் கொடுத்துவிட்டு அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்.

"அவர் பட்டமரத்துக்குப் போகல சார். குவாரிப் பள்ளத்துக்குப் போயிருக்காரு."

படகுக்காரரிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே என்றார் அதிகாரி. படகுக்காரரிடம் எவனும் உண்மையான இடத்தைச் சொல்ல மாட்டான், சொன்னால் மறுநாள் அங்கே பத்துப் படகு நிற்கும் என்று விளக்கினேன். முடிச்சையும் சோப்பையும் கயிற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, மீனே இல்லாத இடத்துக்கு ஒருவர் ஏன் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டுப் போக வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. தங்கையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லித்தான்," என்றேன். "போன வாரம் பிடிச்ச கெண்டை அங்க கெடச்சதுன்னு சொன்னேன். அங்க கெடைக்கல."

தங்கை மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதுல பாதி மீன் எங்க வீட்டுக்குக் குடுத்தியே, அதுவா?"

"அதுதான்."

"அன்னிக்கு சாப்பிடும்போது சொன்னாருண்ணே. உங்கண்ணன் மொதத் தடவையா ஒரு நெசத்தைச் சொல்லிட்டாரு, வயசாயிருச்சுபோலன்னு." ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தபடி, "சந்தோஷமாத்தான் சொன்னாரு," என்றாள்.

அவள் ஏதாவது திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"போ. போய்க் கூட்டிட்டு வா."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மோட்டார் படகில் அதிகாரியும் நானும் இரண்டு முக்குளிப்பவர்களும் போனோம். மாப்பிள்ளையின் கம்பை எடுத்துக்கொண்டேன். போகும்போது அதிகாரி தன் சந்தேகத்தைச் சொன்னார். பள்ளம் பெரியது, சுற்றளவே அரைக் கிலோமீட்டர் வரும், இரண்டு ஆளை வைத்து இரண்டு மணி நேரத்தில் அதை எப்படித் துழாவுவது?

நான் அந்தப் பள்ளத்தை முன்பே ஈயம் விட்டு அளந்தவன். கல்லைப் படி படியாக வெட்டியிருக்கிறார்கள். விளிம்பில் பத்து முழம். அடுத்த படி சுமார் இருபது. அதற்கு அப்பால் ஒரே வெட்டாக நாற்பதுக்கு மேல். படிமேலே என்று நான் சொன்னதால் அவர் அந்த இரண்டாவது படியைத்தான் தேடியிருப்பார். அந்தப் படியும் மட்டமாக இல்லை, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டே சரிகிறது. ஒரு முனையில் பதினெட்டு முழம், மறுமுனையில் இருபத்தைந்து. ஆகவே இன்ன ஆழம் என்று தெரிந்தால் அந்தப் படியில் இன்ன இடம் என்று சொல்லிவிடலாம். வீட்டு எண் மாதிரி.

ஒரு கணக்கு மட்டும் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை முள்ளைத் தரையில் படுக்க விடமாட்டார், ஒரு சாண் மேலே நிறுத்துவார். அப்படியானால் அன்று அங்கே ஆழம் இருபத்தொரு முழமும் ஒரு சாணும். போகும் வழியில் பம்பு ஹவுஸ் சுவரில் இருந்த அளவுப் பலகையைப் பார்த்தேன். மதகு திறந்திருந்ததால் மூன்று நாளில் தண்ணீர் சரியாக ஒரு சாண் இறங்கியிருந்தது. கூட்டியதும் கழிந்ததும் சரியாகப் போயிற்று. முடிச்சை நான் தொட வேண்டியிருக்கவில்லை.

முள்ளில் கனமான ஈயத்தை மாட்டி இறக்கினேன். படியின் மேட்டு முனையிலிருந்து தொடங்கி, மோட்டாரை அணைத்துவிட்டுத் துடுப்பால் மெதுவாக நகர்த்தச் சொன்னேன். தக்கை தண்ணீரின்மேல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது. ஈயம் தரையில் உட்கார்ந்துவிட்டது, நரம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது, ஆழம் குறைவு என்று பொருள். இருபது முப்பது துடுப்புக்கு ஒருமுறை தூக்கி மறுபடி இறக்கினேன். படுத்தே கிடந்தது. நான்கு மணிக்குப் பிறகு ஓர் இடத்தில் தக்கை முழுசாக உள்ளே போய் மறைந்தது. ஆழம் அதிகம், ஈயம் தரை எட்டாமல் தொங்கித் தக்கையை இழுக்கிறது. அதிகாரி என்னைப் பார்த்தார். தாண்டிவிட்டோம், பின்னால் போகலாம் என்றேன். ஐந்து துடுப்புப் பின்னால். படுத்தது. இரண்டு துடுப்பு முன்னால்.

தக்கை நிமிர்ந்து நின்றது. சிவப்பு நுனி விரல்கடை அளவுக்கு மட்டும் வெளியே தெரிந்தது. விரலால் காட்டினேன்.

முதலில் இறங்கியவர் மேலே வந்து, கீழே ஒரு நைலான் கயிறு கிடக்கிறது என்றார். அதன் ஒரு முனையில் கல் இருக்கிறதாம். இருவரும் சேர்ந்து மறுபடி இறங்கினார்கள்.

தக்கை படுத்தால் ஆழம் குறைவு. மூழ்கினால் ஆழம் அதிகம். நுனி மட்டும் தெரிய நின்றால் அது முடிச்சுப் போட்டவர் உட்கார்ந்திருந்த ஆழம். அந்த ஆழம் அந்தப் படியில் ஓர் இடத்தில்தான் இருந்தது. மாப்பிள்ளை அங்கே, கல்லிலிருந்து நான்கு முழம் தள்ளி இருந்தார்.