மாமியார் வீட்டுப் புளித்த மீன்

ஹென்ட்ரிக் மலேசியச் சாப்பாட்டைப் பற்றி எழுத வந்த வெள்ளைக்காரன். கூச்சிங்கில் என் வேனில் ஏறியதிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. ஒன்று மென்றான், இல்லாவிட்டால் அரைகுறை மலாயில் கேள்வி கேட்டான்.

"லாந்திங், உங்க ஊர்ல யாரும் வணக்கமே சொல்றதில்லையே? பார்த்ததும் 'சாப்டாச்சா'ன்னுதான் கேக்குறாங்க. இல்லைன்னா உடனே இழுத்து உக்கார வச்சிடுறாங்க."

"ஆச்சுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லிப் பார்த்தேன். 'அதனால என்ன, இன்னொரு தடவை சாப்பிடு'ங்கிறாங்க!"

வழியில் ஒரு கடையில் காப்பியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். அதை வேன் கண்ணாடியில் தொங்கவிட்டு, ஏதோ ஆஸ்பத்திரி குளுக்கோஸ் போல, பத்து கோணத்தில் படம் எடுத்தான். அவன் ஊரில் காப்பியே கிடையாதோ என்னவோ.

என் கவலை வேறு. நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனது என் மாமியார் வீட்டுக்கு. என் பெண்டாட்டி மெந்தி அங்கே போய் உட்கார்ந்து இரண்டு மாதமாகிறது. மாமியார் ஆசையாகப் புளிக்கவைத்து அனுப்பிய மீன் ஜாடியை நான் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தேன். வைத்ததோடு விட்டேனா? "இது மீனா, பிணமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.  மெந்தி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

தனியாகப் போனால் மாமியார் வாசல் ஏணியிலேயே என்னைத் திருப்பி அனுப்புவாள். விருந்தாளியோடு போனால் எங்கள் இபான் இனத்தில் எந்த வீட்டிலும் கதவை மூட மாட்டார்கள். ஆக, ஹென்ட்ரிக்தான் என் கேடயம். பாவம், அவனுக்கு அது தெரியாது.

போகும்போதே அவனுக்குச் சொல்லி வைத்தேன். "யார் எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு மட்டும் சொல்லிடாதே. முடியலைன்னா தட்டைத் தொட்டு, விரலை உதட்டுல வச்சுக்கோ. எங்க ஊர் நம்பிக்கைப்படி, தொடாம வந்தா முதலை கடிக்கும், பாம்பு கொத்தும், எதுவும் இல்லைன்னா வேன் கவுந்திடும்."

"நிஜமாவா?"

"வேன் என்னுது. சோதிச்சுப் பாக்காதே."

இருபது குடும்பம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் நீளமான வீடு அது. பொதுக் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். மாமியார் பெயரை மருமகன் சொல்லக் கூடாது என்பதால், அவள் எனக்கு வெறும் இண்டாய், அதாவது அம்மா. இண்டாய் ஹென்ட்ரிக்கைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். என்னை மிதியடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மெந்தி அறையை விட்டு வெளியே வரவே இல்லை.

முதலில் அரிசிக் கள் வந்தது. மூங்கிலில் வெந்த கோழி வந்தது. ஹென்ட்ரிக் வெளுத்துக்கட்டினான். பிறகு மீன் வந்தது. அதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்து உட்கார்ந்துவிட்டது. கூடமே திரும்பி என்னைப் பார்த்தது. என் கதை அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஹென்ட்ரிக்கின் முகம் வெளிறியது. ஆனாலும் பயபக்தியோடு கிண்ணத்தைத் தொட்டு உதட்டில் ஒற்றிக்கொண்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அதில் அவனுக்குக் குஷி வந்துவிட்டது. உப்பைத் தொட்டான், சோற்றுப் பானையைத் தொட்டான், எழுந்து போய் ஓரத்திலிருந்த நாய்த் தட்டையும் தொட்டான்.

"தம்பி, நாய்ச் சோத்தை முதலை கணக்குல வச்சுக்காது!" என்று ஒரு கிழவர் கத்தினார். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

இதுதான் சமயம் என்று நானும் நைசாகக் கிண்ணத்தைத் தொட்டு உதட்டில் வைத்துக்கொண்டேன்.

"என்ன அது?" என்றாள் இண்டாய்.

"தொட்டுட்டேன், இண்டாய்."

"தொட்டுட்டுப் போறவன் விருந்தாளி. நீ விருந்தாளியா?"

நான் உதட்டைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆமான்னா சொல்லிடு. கள்ளு ஊத்துறேன், குடிச்சிட்டுக் கிளம்பு. என் பொண்ணுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கீழே மெந்தியின் கால் விரல்கள் மட்டும் தெரிந்தன.  அவள் இல்லாத வீட்டில் இரண்டு மாதம் இருந்து பார்த்துவிட்டேன். அதற்கு இந்த மீன் எவ்வளவோ மேல்.

கிண்ணத்தை இழுத்து வைத்துக்கொண்டு தின்றேன். ருசி, நாற்றத்துக்குத் துரோகம் செய்யவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. முள்ளைக்கூட விடவில்லை.

இண்டாய் காலிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மெந்தி தன் தட்டோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "சகிக்கலை."

"எனக்கும் சின்ன வயசுலேர்ந்தே பிடிக்காது. மெதுவாப் பேசு, அம்மா காதுல விழுந்திடப் போகுது" என்று சொல்லிக்கொண்டே, தன் பங்கு மீனையும் என் தட்டில் தள்ளினாள்.