மலிவு கிட்டாரின் குற்றம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், தபால் குமாஸ்தாவின் இசைப் பயணத்தை மூன்றாண்டுகளாக மறித்து நின்ற எதிரி இன்று காலை பதினொரு மணிக்கு ஒழிக்கப்பட்டான். எதிரி என்பது அவருடைய மலிவு விலை எலக்ட்ரிக் கிட்டாரின் கோளாறுகள்.

"கம்பி தூக்கிட்டு நிக்குது, விரல் வலிக்குது, சுருதி நிக்க மாட்டேங்குது. இதுல எவன் வாசிப்பான்?" என்று அவர் புலம்பியதை அப்படியே நம்பிய மனைவிதான், பிறந்தநாள் பரிசாக கிட்டாரையும் கணவரையும் பழுதுபார்ப்பவரின் கடைக்கு இழுத்து வந்திருந்தாள்.

பழுதுபார்ப்பவர் கிட்டாரின் கழுத்து வளைவை நிமிர்த்தினார், கம்பிகளைத் தாழ்த்தினார், சுருதி கூட்டி, ஆம்ப்ளிஃபயரில் மாட்டி வாசித்தார். தேனாக ஒலித்தது.

"விலைக்கு மீறின சாமான் சார். இந்தாங்க, வாசிங்க."

குமாஸ்தா கிட்டாரை வாங்கிக்கொண்டார். இனி சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. மனைவி கண்கொட்டாமல் பார்க்க, வாசித்தார். பாட்டு நாலடி நொண்டி, வழக்கமான இடத்திலேயே குப்புற விழுந்தது.

மனைவி அவசரமாகப் பழுதுபார்ப்பவரிடம் திரும்பினாள். "ஏண்ணா, இன்னும் ஏதாச்சும் சரிபண்ணாம விட்டுப்போச்சா?"

அவர் குமாஸ்தாவின் வியர்த்த முகத்தைப் பார்த்தார்.

"ஆமாம்மா. ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், பார்த்துடறேன்."

கிட்டாரில் ஒரு குறையும் இல்லை.