இடது தொட்டிக்குத் தண்ணீர் கிடையாது

"அந்தப் பக்கம் பூ, இந்தப் பக்கம் புதர். வாசல்லயே இப்படி இருந்தா வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று மேனேஜர் கேட்டபோது பூவக்கா கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றுகொண்டிருந்தாள். கேட்டது அவளிடம்தான் என்றாலும் அவர் பார்த்தது கண்ணாடிக் கதவில் தெரிந்த தன் கழுத்து டையை. கதவுக்கு வலதுபக்க சிமெண்ட் தொட்டியில் செம்பருத்தி ஒன்பது பூவோடு சிரித்தது. இடதுபக்கத் தொட்டியில் இருந்தது காகிதப்பூச் செடி. பேரில் மட்டும்தான் பூ. ஆள் உயரத்துக்குக் கொழுகொழுவென்று வளர்ந்து, இரண்டு வருஷமாக ஒரு மொட்டுகூடக் காட்டாமல், போகிற வருகிறவர்களின் சட்டையை முள்ளால் இழுப்பதையே தொழிலாக வைத்திருந்தது. ஆறு வாரத்தில் தலைமை அலுவலகத்துப் பெரியவர் வருகிறார். அதற்குள் அது பூக்காவிட்டால் இரண்டையும் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் செடி வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

பிளாஸ்டிக் செடிக்குத் தண்ணீர் வேண்டாம், எரு வேண்டாம், தோட்டக்காரியும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். அந்தத் துணி யார் கைக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? பதினோரு வருஷம் இந்தக் கட்டடத்தின் ஐந்து மாடியையும் துடைத்தவள் அவள். அப்போது அவளுக்குப் பேரே கிடையாது. "இந்தாம்மா, இங்க கொஞ்சம் துடைச்சிடு" என்பார்கள், காலைத் தூக்கிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல். வீட்டிலிருந்து இரண்டு குச்சியைக் கொண்டுவந்து வாசலில் காலியாகக் கிடந்த இந்தத் தொட்டிகளில் நட்டு, அவை பிழைத்து, பழைய மேனேஜர் அவளைத் தோட்ட வேலைக்கு மாற்றிய பிறகுதான் ஊரெல்லாம் அவள் பூவக்கா ஆனாள். அந்தப் பேரை யாருக்கும் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. ஒரு கை பார்த்துவிடுவது என்று அங்கேயே, குழாயை மூடுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டாள்.

முடிவு செய்துவிட்டாளே ஒழிய வழி தெரியவில்லை. செம்பருத்திக்கு என்ன செய்தாளோ அதையேதான் இதற்கும் செய்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்கு ஒரு வாளி என்றால் இதற்கும் ஒரு வாளி, அதற்கு ஒரு கூடை எரு என்றால் இதற்கும் ஒரு கூடை. பூக்காத கவலையில் இதற்கு அரைக்கூடை கூடவே போட்டிருக்கிறாள். அதுவும் போட்டதையெல்லாம் வஞ்சனை இல்லாமல் தின்று இலையாகவே கக்கியது.

அந்த வார விடுமுறையில் அவள் போன பஸ் ஒரு மூடிப்போன பெட்ரோல் பங்க் முன்னால் சிக்னலுக்கு நின்றது. பூட்டிய கேட்டுக்குப் பின்னால், வெடித்த காரைத்தரையின் பிளவில் ஒரு காகிதப்பூச் செடி. இலை கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனை ரோஸ். யார் ஊற்றினார்கள் அதற்கு? யார் எரு போட்டார்கள்? நாலு வருஷமாக அந்தக் கேட்டை ஒருவரும் திறந்ததில்லை. பூவக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அடிப்பாவி" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி திடுக்கிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். திட்டியது செடியையா தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் கத்தரிக்கோலை எடுத்து நுனிகளை வெட்டி, செடியை மார்பளவுக்குக் குறைத்தாள். எருவை நிறுத்தினாள். தண்ணீரையும் நிறுத்தினாள். இலை தொங்கித் தலை கவிழ்ந்தால் ஒரு குவளை, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. செம்பருத்திக்கு மட்டும் வழக்கம்போல் தினமும் ஒரு வாளி. அது ஒருநாள் காய்ந்தாலும் மொட்டை உதிர்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஜாதி.

நாலாம் நாளே பேச்சு கிளம்பிவிட்டது. வாசல் காவலாளிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒரு புள்ளைக்கு வயிறு நிறைய ஊட்டுறே, இன்னொண்ணைப் பட்டினி போடுறே. உனக்கே நல்லா இருக்காக்கா?"

"அந்தப் புள்ளைக்குப் பசிச்சாத்தான் புத்தி வரும்ணே. நீங்க கேட்டைப் பாருங்க."

சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கும் பொறுக்கவில்லை. துவண்ட இலையைப் பார்த்தால் கை தானாகக் குவளையைத் தேடியது. ஒரு மத்தியானம் குவளையை மொண்டு தொட்டிவரை போய், அப்படியே திரும்பி அதைச் செம்பருத்திக்கு ஊற்றினாள்.

இரண்டு வாரம் ஆயிற்று. இலை துவள்வதே நின்றுபோனது. விரலை மண்ணில் விட்டுப் பார்த்தாள்: ஈரம். மறுநாளும் ஈரம். 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று அட்டையில் எழுதி மாட்டினாள். அதற்கடுத்த நாள் அட்டையும் ஈரம். தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று காத்தபோது, வரவேற்பு மேஜைப் பெண் குடித்து மீந்த பாட்டிலோடு பூனை மாதிரி வெளியே வந்தாள்.

"யம்மா, நில்லு."

கையும் பாட்டிலுமாகப் பிடிபட்டவள் சட்டென்று சீறினாள். "பாவமா இல்லையா உங்களுக்கு? வாயில்லாத ஜீவன்க்கா அது. நான் மட்டுமா ஊத்தறேன்? மாடியில பாதிப் பேர் ஊத்தறாங்க."

பூவக்காவுக்குத் தலை சுற்றியது. ஐந்து மாடி இரக்கமும் அந்த ஒரு தொட்டியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது! கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"நீ ஊத்த ஊத்த அது பூக்காது. பூக்கலேன்னா பிடுங்கிடுவாங்க. அப்புறம் நான் உன் மேஜைக்கு அடியில துணி போட்டுத் துடைச்சிட்டு இருப்பேன், நீ காலைத் தூக்கிட்டு உட்கார்ந்திருப்பே. அப்ப என்னைப் பார்த்து பாவம்னு சொல்லு."

அந்தப் பெண் பாட்டிலை மூடினாள். உள்ளே போனாள்.

பூவக்கா அட்டையைக் கழற்றி எறிந்தாள். மனிதர்களுக்கு ஊற்றாதே என்றால் கை அரிக்கும். செம்பருத்திக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வாளியை வைத்து, 'பாவம் பார்க்கிறவர்கள் இதில் ஊற்றவும்' என்று எழுதி ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் வாளி நிறைந்துவிட்டது. செம்பருத்திக்கு அடித்தது யோகம்.

ஐந்தாவது வாரம் முடிவதற்குள் வரவேற்புப் பெண்தான் முதலில் பார்த்துக் கத்தினாள். கிளைநுனியில் மூன்று இலை, பச்சையும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தன. காகிதப்பூவில் நாம் பூ என்று கொண்டாடுவதெல்லாம் நிறம் மாறிய இலைதான்; நிஜப்பூ நடுவில் சின்னதாக, யாரும் கவனிக்காமல் இருக்கும். பூவக்கா ஒவ்வொரு நுனியாக எண்ணினாள். இருபத்திரண்டு. பெரியவர் வர இன்னும் எட்டே நாள், அதுவரை தாங்கினால் போதும்.

அன்று மத்தியானம் வானம் கறுத்தது. காலமே இல்லாத காலத்தில் மழை! தொட்டி ஊறினால் செடி மறுபடி இலையிலேயே புத்தியை வைத்துவிடும். தொட்டியை நகர்த்த எட்டு ஆள் வேண்டும். கிடங்குக்கு ஓடி, புது மேஜைகளைச் சுற்றி வந்த பெரிய பாலிதீன் தாளை இழுத்துக்கொண்டு வந்தாள். செடிமேல் போர்த்தினால் முள் தாளைக் கிழிக்கும், நுனிகளும் ஒடியும். முதல் சொட்டு விழும்போது தனியாக ஒரு மூலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். காவலாளி ஓடி வந்து அடுத்த மூலையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் வரவேற்புப் பெண், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மூன்றாவதை. மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள். அந்தப் பக்கம் செம்பருத்தி வாயைத் திறந்து மழையைக் குடித்தது. நாலாவது மூலை மட்டும் தொங்கி, அந்த வழியே தண்ணீர் தொட்டிக்குள் சொட்ட ஆரம்பித்தது.

கண்ணாடிக் கதவு திறந்தது. மேனேஜர்.

"என்ன நடக்குது இங்க?"

"செடி நனையாம பார்த்துக்கறோம் சார்" என்றார் காவலாளி.

"செடி... நனையக்கூடாதா?"

ஐந்து மாடி ஜன்னல்களிலும் முகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பூவக்கா கண்ணில் வழிந்த மழையைத் தோளில் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். பதின்மூன்று வருஷத்தில் அவரிடம் மட்டுமல்ல, டை கட்டிய யாரிடமும் அவள் வேலை சொன்னதில்லை.

"சார், அந்த மூலையைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் தன் ஷூவைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். பாலிதீன் தாளின் நாலாவது மூலை காற்றில் எழும்பி எழும்பி, அவர் முழங்காலில் வந்து அடித்துக்கொண்டிருந்தது.