இடுப்பு வளைத்த கை

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் துணி தேய்ப்பவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்த பிறகும் கைச்சூடு ஆறவில்லை. குழாயில் கையை நீட்டினாள். தண்ணீர் சுரீரென்று ஆவியாகப் போனது. மறுநாளும் ஆறவில்லை, மறுவருஷமும் ஆறவில்லை. அவளுக்கு வலியில்லை, கொப்புளமில்லை, தொட்டவர்களுக்குத்தான் சுட்டது. மருத்துவர் உள்ளங்கையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். அது வெடித்ததும் சிதறிய பாதரசத்தைக் கூட்டச் சொல்லிவிட்டு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். மேற்பார்வையாளர் கொஞ்சம் யோசித்து, அவளிடமிருந்த இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அங்கி எல்லாவற்றையும் வெறுங்கையால் தடவித் தேய்த்தாள். கரண்டு மிச்சம் என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். உட்கார்ந்து செய்ய ஒரு நாற்காலி கேட்டபோது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

அவள் கணவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுபவர். தெருவில் எல்லாருக்கும் அவர் மீட்டர்காரர். ஊரிலுள்ள மாடிப்படியெல்லாம் ஏறி இறங்கி வீடு திரும்பும்போது, காலைக் கழற்றி மூலையில் வைக்க முடிந்தால் தேவலை என்று இருக்கும் அவருக்கு. சூடு வந்த புதிதில் அவருக்குக் காய்ச்சலடித்தது. அவள் மறதியாக நெற்றியில் கை வைத்துவிட்டாள். தோல் உரிந்து ஆறப் பல வாரங்களாயிற்று. "பரவால்ல விடு, காய்ச்சல் ஓடிப்போச்சுல்ல" என்றார் அவர். அவள் சிரிக்கவில்லை. தன் கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எதையும் அவர் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்து ஆறவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இருவருக்கும் சண்டையில்லை, சண்டை போடவும் தெம்பு வேண்டும். வருஷங்கள் அப்படியே போயின.

ஒருநாள் ஏதோ ஒரு மாடி வீட்டில் மீட்டர் பார்க்கும்போது உள்ளே யாரோ கிட்டார் வாசித்தார்கள். மீட்டர்காரர் பாட்டு முடியும்வரை படிக்கட்டிலேயே நின்றார். வீட்டுக்கு வந்து, தான் ஒரு கிட்டார் செய்யப்போவதாகச் சொன்னார். கடையில் வாங்கிவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். "வாங்கினா வாசிக்கத் தெரியணும். செஞ்சா, செஞ்சுக்கிட்டே இருக்கலாம்" என்றார். அவள் படுத்துக்கொண்டாள்.

துணி அலமாரியின் கதவுகள் கிட்டாரின் பக்கச் சட்டங்களாகவும் முதுகாகவும் மாறின. அலமாரி திறந்து கிடந்தது, அதை இருவரும் கண்டுகொள்ளவில்லை. முகப்புக்கு வெளிர்நிற மரம் வாங்கி வந்து, விளக்குக்கு முன் பிடித்தால் வெளிச்சம் மங்கலாகத் தெரியும்வரை இழைப்புளியால் இழைத்தார். தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். சுவருக்குள் குழாய் கசிவதைக் கேட்டே பழகிய காது அது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, இடுப்பு வரும்வரை. பக்கச் சட்டத்தை ஊறவைத்து, காய்ச்சிய இரும்புக் குழாய்மேல் அழுத்தி வளைக்க வேண்டும். தோள்வரை வளைந்துவரும் மரம், உள்ளே ஒடுங்கும் இடுப்புக்கு வந்ததும் டப்பென்று முறிந்தது. விடுமுறை நாட்களில் அந்தச் சத்தம் வழக்கமாயிற்று.

"இதுவுமா?" என்பாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"இதுவும்தான்."

கடைசிக் கதவிலிருந்து அறுத்த சட்டங்கள் மட்டும் மிஞ்சியிருந்த ஒரு ஞாயிறு மத்தியானம், மீட்டர்காரர் குழாயைக் காய வைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் எழுந்து வந்து தொட்டியிலிருந்து ஈரச் சட்டம் ஒன்றை எடுத்தாள்.

"விடு, கருகிரும்."

"சுடணும்னுதானே அந்தக் குழாயப் போட்டுக் காய வைக்கிறீங்க?"

அவள் பிடித்த இடத்தில் ஆவி கிளம்பியது. மரம் முரண்டு பிடித்தது, பிறகு தளர்ந்து அவள் கைக்குள் மடங்கியது. ஆனால் இடுப்பில் நான்கு விரல் தடம் கறுப்பாக விழுந்துவிட்டது.

"அவசரப்படாத" என்றார்.

"நான் எங்க அவசரப்பட்டேன்? கைதான்."

அடுத்த சட்டத்தை எடுத்துப் பிடித்தாள். மேற்பார்வையாளரை நினைத்தால் மரம் புகைந்தது. தோளைத் தொங்கவிட்டு மூச்சை விட்டால் புகை அடங்கியது. சூட்டைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. சலவைக்கூடத்தில் குறைச்சலாக யாரும் கேட்டதில்லை. பொழுது சாய்வதற்குள் இடுப்பு வளைந்து, அச்சுக்குள் அடங்கி உட்கார்ந்தது. கறுத்த சட்டத்தையும் அவர் தூரப் போடவில்லை. வேறு சட்டமும் இல்லை.

பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. இருவருக்கும் களைப்பில்லாத சாயங்காலங்கள் அவ்வளவு குறைவு. பக்கச் சட்டத்தின் உள்விளிம்பில் முகப்பைத் தாங்கும் மரப்பட்டையை ஒட்டிப் பிடித்திருக்கத் தெருவிலுள்ள துணிக் கிளிப்பெல்லாம் இங்கே வந்துவிட்டதால், பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, கிளிப்பத்தான் தரல, காயவாச்சும் வச்சுத் தாங்க" என்று வந்தாள். இவளும் கையால் தடவிக் காய வைத்துக் கொடுத்தாள். ஒருவழியாகக் கம்பி மாட்டி முறுக்கியபோது, கம்பிகளைப் பிடித்திருந்த பிரிட்ஜ் கட்டை வெடித்துப் பெயர்ந்து விளக்கை உடைத்தது. மீட்டர்காரர் கிட்டாரைக் கட்டிலில் கவிழ்த்துப் போட்டார். "போதும். நமக்கெதுக்கு இதெல்லாம்."

பெயர்ந்த கட்டையை மறுபடி ஒட்ட, அவள்தான் வஜ்ரப் பசையைக் கிண்ணத்தோடு கையில் ஏந்தி இளக வைத்தாள். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும் பசை அது. அழுத்திப் பிடிக்கும் இடுக்கி எதுவும் அந்த இடத்துக்கு எட்டவில்லை. ஆகவே அவர் கிட்டாரின் வாய்க்குள் கையை விட்டு அடியிலிருந்து தாங்கினார். அவள் மேலிருந்து அழுத்தினாள். நடுவில் விளக்கு வெளிச்சம் தெரியுமளவுக்கு இழைத்த பலகை.

"என் கை தெரியுதா?" என்றாள்.

"தெரியுது."

"சுடுதா?"

"சுடுது. கொஞ்சம் கொஞ்சமா ஆத்து."

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆற்றினாள். பசை இறுகிய பிறகும் இருவரும் கையை எடுக்கவில்லை. அவருக்குத் தோள் மரத்துப்போயிற்று.

இந்தத் தடவை கம்பியை முறுக்கியும் கட்டை பெயராமல் நின்றது. ஒரு கம்பி மட்டும் தட்டினால் இரைந்தது. வாசிக்க இருவருக்கும் வரவில்லை. வேலை விட்டு வந்ததும் அவர் அதை மடியில் போட்டு ஒருமுறை எல்லாக் கம்பியையும் தடவிவிட்டுச் சுவரில் சாய்த்து வைப்பார்.

சில மாதம் கழித்து, ஒரு காலையில் அவர் வேலைக்குக் கிளம்பக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் வந்து நின்றாள். மூச்சை விட்டாள். அவர் தோளில் கையை வைத்தாள்.

"கொஞ்சம் சுடுது" என்றார், நிமிராமல்.

"எடுத்துரட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

அந்த வருஷத்திலிருந்து மீட்டர்காரரின் சட்டைகளிலெல்லாம் இடது தோளில் லேசான பழுப்பில் ஐந்து விரல் தெரிந்தது. அலுவலகத்தில் என்னவென்று கேட்டார்கள். "வீட்ல" என்றார். மாதக் கடைசி, எல்லாருக்கும் வேலை தலைக்கு மேலிருந்தது. சரி என்று போய்விட்டார்கள்.