கரி படியாத கண்ணாடி

தொழிற்சாலையில் எரிசாராய ஸ்பிரிட் நிரப்பும் அறையின் கூரையில் மாட்டியிருந்த அந்த நெருப்பு சென்சார் பெட்டிக்கு இரண்டு கண்கள். ஒன்று புற ஊதா ஒளியைப் பார்க்கும், மற்றது அகச்சிவப்பை. இரண்டும் ஒன்றாகப் பார்த்தால்தான் நெருப்பு என்று நம்பி ஊரைக் கூட்டும். ஸ்பிரிட் பற்றினால் பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சுடரே தெரியாது. அதற்காகத்தான் இதை வாங்கியிருந்தார்கள். ஆனால் பக்கத்தில் வெல்டிங் வைத்தாலும் அதற்கு நெருப்புதான். மூன்று முறை அப்படிச் சும்மா அலறியது. எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார்கள். அதற்காக மேனேஜரிடம், பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் மெக்கானிக் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. அதிலிருந்து வெல்டிங் நாட்களில் மேனேஜருக்குத் தெரியாமல் ஏணி போட்டு ஏறி, கண்ணாடிமேல் ஒரு ரப்பர் மூடியை மாட்டிவிடுவார். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவார்.

அன்று எடுக்கவில்லை. வெல்டர் வந்து "முடிஞ்சுதுண்ணே" என்றபோது மணி ஒன்று. பசி வயிற்றைக் கிள்ளியது. ஏணியை வேறு யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து எடுத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தார். முழுகியது அவர் குடிதான். அந்த அரை மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாத நெருப்புக்குள் நடந்து போனவன் அங்கேயே வேலை பார்த்த அவர் மச்சான், மனைவியின் தம்பி.

அட்டைப்பெட்டிகளுக்கும் பரவிக் கரும்புகை கக்கிய நெருப்பை அணைத்து, ஆம்புலன்ஸும் போன பிறகு, மெக்கானிக் ஏறி மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். யோசித்துச் செய்தாரா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. கை செய்துவிட்டது.

நான்காம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். மெக்கானிக் சோதனை விளக்கைக் காட்டியதுமே பெட்டி வீலென்று கத்தியது.

"நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றவர், தானே ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். "சுத்திலும் கரி அப்பிக் கெடக்கு. கண்ணாடி மட்டும் எப்படிங்க பளிச்சுன்னு இருக்கு?"

மெக்கானிக் சோதனை விளக்கை அணைத்தார். "தெரியலைங்க சார்."

"யாரோ மூடி வெச்சிருக்காங்க. அடிபட்டவர் இன்னிக்குப் பேசுறாராம். வாங்க, அவரையே கேட்டுருவோம்."

ஆஸ்பத்திரியில் அதிகாரி விஷயத்தைச் சொன்னதும் தம்பியின் கட்டிலருகே இருந்த மெக்கானிக்கின் மனைவி கொதித்தெழுந்தாள். "எந்தப் பாவி சார் மூடினான்? அவன் நல்லா இருப்பானா? அவன் வீடு வெளங்குமா?"

அந்த வீட்டில்தான் அவளும் இருக்கிறாள். மெக்கானிக் சுவரோரமாக நின்றார். நெருப்புப் பிடித்த அன்று காலை அவர் மூடி மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவனே மச்சான்தான். "பாத்து எறங்குங்க மாமா" என்று சொன்னவனும் அவன்தான். இப்போது அவன் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. முடியட்டும் என்றுகூட இருந்தது அவருக்கு.

கட்டுகளுக்கு நடுவே அவன் கண்களும் வாயும் மட்டும் தெரிந்தன. அக்காவைப் பார்த்தான். பிறகு மாமாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

"நான்தான் சார் மூடினேன்" என்றான். "வெல்டிங்குக்காக. எடுக்க மறந்துட்டேன். மாமாவுக்கு ஒண்ணும் தெரியாது."

அதிகாரி எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட மச்சானின் விரல்கள் வெளியே இல்லை. படித்துக் காட்டிவிட்டு, "சாட்சியா நீங்க போடுங்க" என்று பேனாவை மெக்கானிக்கிடம் நீட்டினார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் போட்டார். எழுத்து கோணாமல்தான் வந்தது.

மறுநாள் மதியம் மச்சான் போய்ச் சேர்ந்தான்.

உடலை வெளியே எடுக்கும் முன் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலருகே நிறுத்தினாள். அழுது அழுது அவள் குரல் கம்மிவிட்டிருந்தது. "விவரமில்லாம பண்ணிட்டான். உங்க வேலையில, உங்க சென்சார்லயே கை வெச்சு உங்களுக்குத் தலைகுனிவு தேடிக் குடுத்துட்டான். மனசுல வெச்சுக்காதீங்க. மன்னிச்சுட்டேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நிம்மதியா போவட்டும்."

இன்னும் எறியாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்த மூடி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. அவர் குனிந்து மச்சான் முகத்தைப் பார்த்தார்.

"மன்னிச்சுட்டேன்டா" என்றார்.