மேகம் உட்கார்ந்த இடம்

கடலை முதுகில் சுமந்துகொண்டு நடப்பது அப்படியொன்றும் பெரிய பாரமில்லை. ஐந்து லிட்டர்தான். அதை இறக்கிவைக்க முடியாது என்பதுதான் பாரம். பெர்பெத்துவா மூன்று நாளாக இறக்கவில்லை. பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள், லாரியில் மடியில் வைத்திருந்தாள், நடக்க ஆரம்பித்த பிறகு துணியில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டாள். தூக்கம்கூடப் பாறையில் தோளைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கத்துக்கே கோபம் வரும்.

தொர்க்கோனா என்கிற மலையூரில் மழை பொய்த்தால் செய்கிற காரியம் இது. மலையிறங்கிப் போய்க் கடலில் மொண்டு, பாலைவனம் முழுக்க ஏறி, கூரிமா எரிமலையின் காலடியில் இருக்கும் ஊற்றுக்கண்ணில் ஊற்ற வேண்டும். கடல் மலைக்கு வந்துவிட்டால் மேகமும் பின்னாலேயே வந்துவிடும். வழியில் தரையில் மட்டும் படக்கூடாது. எங்கே படுகிறதோ அங்கேயே மேகம் உட்கார்ந்துவிடும். வலெந்தீன் மாமா ஒருமுறை ஒண்ணுக்குப் போவதற்காக ரயில் நிலையத்தில் குடத்தை ஒரே ஒரு நிமிஷம் கீழே வைத்தார். அந்த வருஷம் தண்டவாளம் முங்குகிற மழை. ஊரில் ஒரு பொட்டு விழவில்லை. மனுஷன் செத்த பிறகும் ஊர் அவரை விடவில்லை. கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர்கள்கூட, "என்ன மாமா, இப்பவாவது அடக்கிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

குடம் போய் இப்போது பிளாஸ்டிக் கேன். சமையல் எண்ணெய் வந்த கேன்தான், சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவியது. மண்குடமா பிளாஸ்டிக்கா என்று பார்த்தா கடல் வரப்போகிறது?

ஊர் இரண்டு பாதி. கீழ்க்கரை, மேல்கரை. தண்ணீர் சுமப்பது கீழ்க்கரை ஆள். முன்னால் போய் ஒவ்வொரு ஊற்றிலும் கொம்பூதி, கடல் வருகிறது என்று மலைக்குச் சொல்வது மேல்கரை ஆள். இந்தத் தடவை மேல்கரைக்காரர்கள் அனுப்பியது சிரியாக்கோவை. ஊரில் வேறு ஆளா இல்லை? இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுச் செம்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய், போனவன் போனவனாகவே இருந்துவிட்டு, போன வருஷம் இருமலும் பென்ஷனுமாகத் திரும்பி வந்தவன். அவள் அதற்குள் வேறொருவனைக் கட்டி, ஒரு மகளைப் பெற்று, கட்டியவனைப் புதைத்தும் ஆகிவிட்டது.

"மூணு தடவ ஊதணும்யா. நீ ரெண்டரைதான் ஊதற," என்றாள் அவள், இரண்டாம் நாள் நடையில்.

"மூணாவதுக்கு மூச்சு பத்தல. சுரங்கத்துத் தூசி."

"சளி புடிச்ச ஆடு கத்துற மாதிரி இருக்கு. கேட்டா மலை எந்திரிச்சு ஓடிரும்."

"ஓடட்டுமே. நடந்து போற தூரமாவது கொறையும்," என்றான் அவன்.

சிரிக்கக்கூடாது என்று இருந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோபம் வேறு.

அவளுக்கு நாற்பது லாமாக்கள், நீண்ட கழுத்தும் உடம்பெல்லாம் கம்பளியுமான மலை மிருகங்கள். புருஷன் போன பிறகு அதுகள்தான் வீடு, அதுகள்தான் பேச்சுத்துணை. இரண்டு வருஷமாக மழையில்லாமல் கீழ்க்கரையின் ஈரப்புல்வெளி வெடித்துக் கிடக்கிறது. பால்குடி மறக்காத குட்டிகள் ஐந்து செத்துப்போய்விட்டன. மெழுகுவர்த்தி மாதா திருநாளுக்குள் மழை வராவிட்டால் மறுநாள் காலை வியாபாரியின் லாரி வரும். மந்தை ஏறிவிடும். அவள் கலாமா நகரத்தில் மகள் ரோசெந்தாவின் வீட்டு மூன்றாவது மாடிக்குப் போய்விடுவாள். திருநாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

மேல்கரை மேய்ச்சலில் மட்டும் இன்னும் கொஞ்சம் பசுமை உண்டு. நிலத்தடிச் சூட்டுக்கு அங்கே ஈரம் சுரந்துகொண்டிருக்கும். ஆனால் கோட்டுக்கல்லைத் தாண்டிக் கீழ்க்கரை மந்தை போகக்கூடாது. மேல்கரைக்காரன் ஒருவன் கல்மேல் நின்று மூன்று தடவை கொம்பூதி அழைத்தால் போகலாம். அப்படி ஊதி முப்பது வருஷமாகிறது. வாய்க்கால் தூர்வாரும் திருவிழாவில் யார் முதலில் ஆடுவது என்று வந்த சண்டை. இதெல்லாம் ஒரு சண்டையா என்று கேட்டால் இரண்டு கரையும் சேர்ந்துகொண்டு கேட்டவனை அடிக்கும்.

"நீதான் ஊதேன். கொம்பு உன் கையிலதான இருக்கு," என்று கேட்டும் பார்த்தாள்.

"நான் ஊதினா எங்க ஆளுங்க என்னக் கல்லால அடிப்பாங்க. வந்தே ஒரு வருஷந்தான் ஆவுது. இன்னும் விருந்தாளி மாதிரிதான் பாக்குறாங்க."

"பயந்தாங்கொள்ளி. அன்னைக்கும் பயந்தாங்கொள்ளிதான்."

அவன் கொம்பை மார்போடு கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

மூன்றாம் நாள் விடிகிற நேரம் அடுப்புக்கு வந்தார்கள். வெந்நீர் பீறிடும் அந்த வெளிக்கு ஊரில் அடுப்பு என்றுதான் பெயர். விடியற்காலைக் குளிரில்தான் அதற்கு உயிர் அதிகம். தரையில் நூறு வாய் திறந்து, நூறு வெள்ளைத் தூண்கள் எழுந்து நின்றன. காற்றே இல்லை. தூண்களின் தலை மட்டும் மேலே கலைந்து ஒன்றாகி, சுற்றி உட்கார்ந்திருக்கிற எரிமலைகளின் இடுப்புவரை மறைத்திருந்தது. சிரியாக்கோ மோவாயை உயர்த்திக் கூரிமாவைக் காட்டினான். மலையை யாரும் விரலால் சுட்டுவதில்லை, அதற்குப் பிடிக்காது.

"அரை நாள்ல போயிரலாம். நான் மிதிச்ச எடத்துலயே மிதிச்சு வா. வெள்ளையா பொருக்கு தட்டின எடத்துக்குப் போவாத."

"எனக்கே சொல்றியா? நீ சுரங்கத்துல கெடந்தப்ப நான்தான்யா இங்க நடந்துட்டு இருந்தேன்."

நடந்தார்கள். காலுக்குக் கீழே மண் முணுமுணுத்தது. ஒரு பக்கம் கன்னம் உறைந்தது, ஒரு பக்கம் ஆவியில் வெந்தது. முதுகில் கேனுக்குள் கடல் தளும்பியது. அவள் கடலை முதன்முதலாகப் பார்த்தது அந்த வாரம்தான். அது ஓயாமல் பேசியதுதான் அவளுக்கு ஆச்சரியம். இப்போதும் அது பேசிக்கொண்டேதான் வந்தது. 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்றது. 'அதோ அந்தத் தூணுக்குப் பின்னால்' என்று மனசுக்குள் சொன்னாள். தூணுக்குப் பின்னால் இன்னொரு தூண். அதற்குள்ளிருந்து அவளுடைய லாமாக்கள் வெள்ளை வெள்ளையாக வந்துகொண்டிருந்தன. செத்துப்போன ஐந்து குட்டிகளும் கூட வந்தன, காதில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் கட்டிக்கொண்டு, கணுக்கால் ஆழத் தண்ணீரில் கால் நனைத்தபடி. புருஷன் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தி முட்டை அவித்துக்கொண்டிருந்தான். "வா, வந்து இறக்கி வை. எவ்வளவு நேரம் சுமப்ப?" என்றான். எவ்வளவு இதமான குரல்! பாதையைவிட அந்த வெள்ளைத் தரை மெத்தென்று இருந்தது. முதுகுத்துணியின் முடிச்சில் கையை வைத்தாள்.

"பெர்பெத்துவா!"

பக்கவாட்டிலிருந்து யாரோ இடித்துத் தள்ளினார்கள். தடுமாறிப் போய்க் கெட்டியான தரையில் முழங்காலில் விழுந்தாள். விழும்போதுகூடக் கை தானாகப் பின்னால் போய்க் கேனைத் தாங்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தபோது அவள் நின்ற இடத்தில் சிரியாக்கோ நின்றான். பொருக்கு உடைந்து, வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிருந்தது. அவன் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாக இல்லை.

அக்குளில் கை கொடுத்து இழுத்து வெளியே போட்டாள். பூட்ஸைக் கழற்றினாள். கம்பளிக் காலுறை கொதிநீரைக் குடித்துவைத்திருந்தது, அதையும் உருவினாள். தோல் சிவந்து பளபளத்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் பாட்டில் கல்லாக உறைந்து கிடந்தது. பக்கத்து ஓடையெல்லாம் கொதி. பச்சைத்தண்ணீர் என்று அந்த வெளியிலேயே இருந்தது ஒன்றுதான். முதுகுச் சூட்டில் உறையாமல் வந்த கடல்.

அவள் முடிச்சை அவிழ்ப்பதைப் பார்த்ததும் வலியிலும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் புள்ள! ஊத்தாத. உன் மந்தை போயிரும்."

"கைய விடு."

"ஊருக்கு மழ வேணும்..."

"மழையாவது மண்ணாங்கட்டியாவது! கைய விடுய்யா!"

மூடியைத் திருகி ஊற்றினாள். உப்புப் பட்டதும் அவன் மறுபடி அலறினான். அவள் நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, நிதானமாக, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள். காலில் வழிந்த கடல் மண்ணில் இறங்கி, சுடுபாறையில் பட்டுப் புகையாக எழுந்தது. அழுதுகொண்டே ஊற்றினாள். மந்தைக்காக அழுதாளா, அவனுக்காகவா, தூங்கிப்போன தன்னுடைய புத்திகெட்ட தலைக்காகவா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும்தான்.

"தூங்கிட்டேன்யா. நடந்துகிட்டே தூங்கிட்டேன்."

"தெரியும்," என்றான் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு. "யார்கிட்டயோ சிரிச்சுக்கிட்டே போன. எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல."

சூரியன் வந்ததும் தூண்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. வேடிக்கை பார்க்க வெளியூர்க்காரர்களை ஏற்றிவரும் வேன் ஒன்று வந்தது. அவனை அதில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். காலிக் கேனை வீசவும் மனம் வராமல் முதுகிலேயே கட்டிக்கொண்டு ஊருக்கு நடந்தாள். காலியாக இருக்கும்போதுதான் அது கனத்தது.

ஊர்க்கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஒளிக்கவில்லை. கீழ்க்கரை கொதித்துவிட்டது.

"மேல்கரைக்காரன் காலக் கழுவவா நம்ம கடலச் சொமந்துட்டு வந்த?"

"வலெந்தீன் மாமாவாவது அவசரத்துக்கு வச்சாரு. இவ ஆசைக்கில்ல ஊத்தியிருக்கா!"

சிரித்தார்கள். அவள் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். வியாபாரிக்குச் சொல்லியனுப்பினாள். தாம்புக்கயிறுகளை எண்ணெய் போட்டு உருவிவைத்தாள். தலைமை லாமாவான கப்பித்தானாவின் கழுத்து மணியை மட்டும் கழற்றித் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடியில் அதை எங்கே மாட்டுவது?

திருநாளுக்கு முதல்நாள் மேகம் வந்தது. கிழக்கேயிருந்து கருகருவென்று ஏறி, கூரிமாவின் தோளைத் தாண்டி, நேரே அடுப்புக்கு மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பகல், ஒரு ராத்திரி, திருநாள் அன்று மாலைவரை அங்கேயே கொட்டியது. ஊரில் மண்வாசனைகூட இல்லை. ஜனங்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

"பாவி, பாத்து உக்காந்திருக்கு பாரு. ஊத்தின எடத்துலயே!" என்றாள் பக்கத்து வீட்டு நிக்கானோரா.

மறுநாள் காலை லாரி வந்தது. டிரைவர் பின்கதவை இறக்கிப் பலகை போட்டான். பெர்பெத்துவா பட்டிக்குள் போய்க் கப்பித்தானாவின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். அது அவள் முகத்தை மோந்து பார்த்துவிட்டு அசையாமல் நின்றது.

"ஏத்தலாமாம்மா?" என்றான் டிரைவர்.

தலையை ஆட்டலாம் என்றிருந்தாள். அப்போது மேலே கோட்டுக்கல் பக்கமிருந்து கொம்புச் சத்தம் கேட்டது.

ஒன்று.

தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். கோவேறு கழுதையிலிருந்து இறங்க முடியாமல் இறங்கி, துணி சுற்றிய காலும் ஊன்றுகோலுமாக ஒருவன் கல்மேல் ஏறி நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

இரண்டு.

"யாருடி அது?" என்றாள் நிக்கானோரா. "மேல்கரைல எவனுக்கு வந்துச்சு இந்தத் தைரியம்?"

பெர்பெத்துவா கையைக் காட்டி அவளை அடக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தமே இல்லை. அவனுக்கு மூச்சு பத்தாது. அவளுக்குத் தெரியாதா? ரெண்டரைக்கு மந்தை தாண்ட முடியாது, ஊர்ச் சட்டம் அது. 'ஊதுய்யா,' என்று வாய்விட்டே சொன்னாள். 'ஊதித் தொலைய்யா.'

மூன்றாவது வந்தது. பாதியில் உடைந்தது, சளி பிடித்த ஆடு கத்துவதுபோல இழுத்தது, இருமியது, ஆனால் விடவில்லை. நீண்டு, நீண்டு, முழுசாக முடிந்தது.

பெர்பெத்துவா விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்தாள். மணியை எடுத்துவந்து கப்பித்தானாவின் கழுத்தில் கட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியதால் முடிச்சு இரண்டு தடவை நழுவியது.

"ஏம்மா, ஏத்தறதா வேண்டாமா?" என்றான் டிரைவர்.

"லாரிய ஓரமா நிறுத்துப்பா," என்றாள். "மந்தை போற வழி."

கதவை அகலத் திறந்துவிட்டாள். மணிச்சத்தம் முன்னால் போக, நாற்பதும் மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்தன.